உப்பு ஏறாத வண்டி

என் மனைவி வினோதினி எங்கள் முதல் பிள்ளையைப் பெற்றெடுக்கப் போனது உப்பு லாரியில். பதின்மூன்று வருடத்துக்கு முன்பு, நவம்பர் மழையில், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று போனில் ஒரு பெண் இனிமையான குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு மூட்டை ஏற்றிப் போன கார்த்திகேசனின் லாரியை நான் நடுரோட்டில் நின்று மறித்தேன். முன்னால் கார்த்திகேசன், வினோதினி, அவளுடைய அக்கா, மூன்று பேருக்குத்தான் இடம். குடும்பத் தலைவரான நான் பின்னால் தார்ப்பாய்க்கு மேலே மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் குதித்து இறங்கியதைப் பார்த்த வாட்ச்மேன், "லோடு இறக்கறது பின்பக்கம்பா" என்றார்.

தமிழ்நிலா நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அந்த லாரி எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. குழம்பில் காரம் தூக்கல் என்று சொன்னால், "லாரில போனவ வச்ச குழம்பு அப்படித்தான் இருக்கும்" என்பாள் வினோதினி. தீபாவளிக்குச் சேலையின் விலையைக் கேட்டால், "லாரிக்கு வாடகையே குடுக்காதவரு கேக்கறாரு பாரு" என்பாள். வாடகை கொடுக்கவில்லைதான். கார்த்திகேசன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

இந்த வருடம் மார்ச் மாதம் வினோதினி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு, எனக்கு நாற்பத்து மூன்று. தமிழ்நிலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒரு வாக்கியம் பேசினாள். நவம்பர் மூன்றாவது வாரம் என்று நாள் குறித்த புதுச்சேரி டாக்டரம்மா, பைக், ஷேர் ஆட்டோ இரண்டும் கூடாது, குலுங்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என்னைத்தான் பார்த்தார்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து நான் வினோதினிக்கு வாக்குக் கொடுத்தேன். "இந்த தடவ உன்ன சொந்தக் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"பாக்கலாம்" என்றாள். ஆனால் பஸ்ஸில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று வருடத்தில் அப்படிப் பிடித்தது குறைவு.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சவரிமுத்து, உப்பள மேஸ்திரி. நாற்பது பாத்திகள் என் பொறுப்பு. மண்வெட்டி பிடிப்பதும் பலகை இழுப்பதும் ஆட்கள். என் வேலை ஒன்றே ஒன்று, உப்பை எந்த நாளில் வாருவது என்று சொல்வது. அவசரப்பட்டு வாரினால் உப்பு பொடியாக, சேற்றோடு வரும். இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால், எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து பத்து நிமிஷம் பெய்துவிட்டுப் போகும். பாத்தியில் உப்பு இருந்ததற்கு அடையாளமே இருக்காது. முதலாளி தண்ணீரை அளக்க ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கித் தந்திருக்கிறார். நான் முதலில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து நாளைச் சொல்லிவிடுவேன், பிறகு குழாயும் என்னோடு ஒத்துப்போகும். பக்கத்து அளத்துக்காரர்கள்கூட வந்து, "மேஸ்திரி, வாரலாமா, உடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இருபது வருடமாக வாரலாமா, விடலாமா என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு, ஒரு பழைய காரை எடுக்கலாமா, விடலாமா என்று முடிவு செய்வது எவ்வளவு சுலபம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குகிறவன் பானெட்டைத் திறக்க மாட்டான். தரையில் சாக்கை விரித்து அடியில் படுப்பான். இரும்பை இங்கே கடல் காற்று தின்கிறது, அளத்துக் காற்று மிச்சத்தைத் தின்கிறது. என் பழைய பைக்கின் சைலன்சர், மாதா தேர் வந்த அன்று, சரியாகக் கோயில் வாசலில் கழன்று விழுந்தது. பாதிரியார் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார். அதனால் நான் ஒரு பரிசோதனை வைத்திருந்தேன். செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் போய், சேஸியின் மூலைமுடுக்குகளில் விரலை விட்டுத் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைப்பேன். கரித்தால் வண்டி வேண்டாம். எவ்வளவு கறுப்பு பெயிண்ட் அடித்து மறைத்தாலும் மூலையில் உப்பு உட்கார்ந்திருக்கும். என் நாக்கை ஏமாற்ற முடியாது.

இதை எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். முக்கியமாக அந்தோணிராஜிடம் சொன்னேன்.

அந்தோணிராஜ் அனுமந்தையில் ஈ.சி.ஆர். ஓரமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். தமிழ்நிலாவுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவன், அவள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்கு வெள்ளை கவுன் எடுத்துக் கொடுத்தவன். வண்டி என்றதும் நான் வேறு யாரைக் கேட்பேன்?

"கவலைய உடு மச்சான்" என்றான். "நம்ம வினோதினிக்கு இல்லாத வண்டியா? நான் பாத்து சொல்றேன். அதுவரைக்கும் எதுலயும் கைய வைக்காத."

ஏப்ரல், மே இரண்டு மாதமும் சாக்கோடு அலைந்தேன். திண்டிவனத்தில் ஒன்று கரித்தது. செய்யூரில் ஒன்று ரொம்பவே கரித்தது. பிரம்மதேசத்தில் அர்ச்சுனன் என்ற விவசாயியிடம் ஒரு வண்டி. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர், நாக்கில் சுத்தமாக மண் ருசி. வாங்கியே விடலாம் என்று பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் கதவை மெதுவாக மூடிவிட்டு, "பதினோரு நாளு ஆவுது. இன்னும் பத்து நாளு கழிச்சி வாங்க" என்றார். கோழிக்கு நாள் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது அவருக்கு வண்டியை விற்க மனமில்லாமல் போயிருந்தது. ஒன்பது குஞ்சு பொரித்த ராசியான வண்டியாம்.

ஜூன் மாதக் கடைசியில் கூனிமேட்டு வண்டி வந்தது. ஷாகுல் அமீது பாய் வைத்திருந்த வெள்ளி நிறச் சின்னக் கார். எட்டு வருடம் ஒரே கை. பாய் என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"இதப் பாருங்க தம்பி, மறைக்க ஒண்ணுமில்ல. டிக்கிக் கதவுல கீழ, ஒரு ரூவா காசு அளவுக்கு துரு இருக்குது. கடலோரம் இருந்துகிட்டு துரு இல்லன்னு சொன்னா அது அல்லாவுக்கே பொறுக்காது. வேற ஒரு குத்தமும் இல்ல. மவன் சவுதியிலேர்ந்து புதுசு எடுக்கச் சொல்றான், அதான் குடுக்கறேன்."

அடியில் படுத்தேன். நாக்கில் வைத்தேன். கரித்தது, ஆனால் லேசாக, நேற்றுத் தொட்ட ஊறுகாய் போல. வினோதினியும் வந்திருந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள். ஏசியில் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பாயின் மனைவி அவளுக்கு டம்ளரில் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். பாய் கேட்ட ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் என் சீட்டுப் பணத்தோடு அப்படியே பொருந்தியது. எடுத்திருக்கலாம். அந்த நேரம் கையைக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும், நீங்களும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

கூடவே வந்திருந்த அந்தோணிராஜ் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"கரிக்குதா?"

"லேசா."

"லேசாவா? மச்சான், நீயே மேஸ்திரி. லேசா ஆரம்பிக்கறது ஒரு மழைக்காலத்துல என்னா ஆவும்னு உனக்குத் தெரியாது? கைக்குழந்தைய வச்சிக்கினு போறப்ப அடி தகடு புட்டுக்குச்சின்னா? பொறு. ஒரு மாசம் பொறு. உப்பே ஏறாத வண்டியா நான் கொண்டாந்து நிறுத்தறேன்."

பொறு. இருபது வருடமாக நான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. என் வார்த்தையை என்னிடமே சொன்னால் நான் கேட்காமல் இருப்பேனா? பாயிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வினோதினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "துரு எல்லாருக்குந்தான் இருக்குது" என்று ஒரு முறை சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை போயிற்று. பாய் வண்டியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அந்தோணிராஜ் சொன்னான். "போனா போவுது, தலைவலி உட்டுச்சி." ஆகஸ்டும் போயிற்று. வினோதினிக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. செக்கப்புக்கு வாடகைக் காரில் போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் டிரைவர் கிளட்சை மிதிக்கிறபோதெல்லாம் என் சட்டைப்பை குலுங்கியது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் அந்தோணிராஜ் போன் செய்தான். "வந்துருச்சி மச்சான். உன் வண்டி."

வெள்ளைக் கார். கண்ணாடி போல மின்னியது. தாம்பரம் பக்கத்து டாக்டர் ஒருவர் ஓட்டிய வண்டி என்றான். தமிழ்நாட்டில் விற்கப்படும் பழைய வண்டி எல்லாவற்றையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். அவர் எப்போது வைத்தியம் பார்த்தார் என்றுதான் தெரியவில்லை. "கடல் காத்தே படாத வண்டிடா. வீடு, கிளினிக்கு, ஞாயித்துக்கெழம சர்ச்சு. அவ்ளோதான்."

சாக்கை விரித்தேன். டார்ச்சைக் கடித்தேன். மூலை மூலையாகத் தேய்த்தேன். நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் வைத்தேன். சத்தியமாக ஒன்றுமில்லை, சேஸி முழுவதும் ஒரு பொட்டு உப்பு கிடையாது. கழுவிய சோற்றுப்பானை மாதிரி இருந்தது. வெளியே வந்து எழுந்தபோது என் கண் கலங்கியிருந்தது என்று அந்தோணிராஜ் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறான். உண்மைதான். "உப்பே இல்லடா" என்று அவனைக் கட்டிப்பிடித்தேன். பாய் வண்டியைவிட முப்பதாயிரம் அதிகம். வினோதினியின் கம்மல் அடகுக்குப் போனது. அவளே கழற்றித் தந்தாள். "பொறுத்ததுக்கு நல்லதா வந்துச்சி" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்னும் இரண்டு கம்மலை அடகு வைத்திருப்பேன்.

பாதிரியார் வண்டிக்கு மந்திரித்தார். தமிழ்நிலா முன்னால் நின்று போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். அக்டோபர் முதல் வாரம், வினோதினியை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு என் சொந்தக் காரில் புறப்பட்டேன்.

கைப்பாணிக்குப்பம் தாண்டுவதற்குள் ஏசியிலிருந்து ஒரு வாடை வந்தது. புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்றேன். அனுமந்தை வந்தபோது வினோதினி பக்கத்துக் கண்ணாடி இறங்கியது, ஏற மறுத்தது. காற்று வரட்டுமே என்றேன். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அழகாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பேன், அதற்குள் முன்னால் போலீஸ் நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

"பெல்ட்டு போடு, பெல்ட்டு போடு."

வினோதினி பெல்ட்டை இழுத்தாள். ஏழு மாதம் தாண்டிய வயிறு. வழக்கமான நீளம் போதவில்லை. இன்னும் இழுத்தாள். வயிற்றுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், சீட்டையும் பின்னால் சாய்த்து, இருக்கிற பெல்ட் அத்தனையையும் வெளியே உருவினாள். அந்த வண்டியில் அதுவரை யாரும் அந்த பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்ததில்லை.

"ஏங்க" என்றாள். "இது என்னா?"

பெல்ட்டின் கடைசி ஒரு முழம் காவி நிறத்தில் இருந்தது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல, அதுவரை கறுப்பு, அதற்குப் பிறகு மண். காய்ந்து செதில் செதிலாக அவள் மடியில் உதிர்ந்தது.

போலீசைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் போய் ஸ்டெப்னியைத் தூக்கினேன். அடியில் மண் படிந்து, வெயில் பட்ட பாத்தி போல வெடித்திருந்தது. அதில் விரல் நகம் அளவில் ஒரு நத்தை ஓடு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். சுத்தமான ஏரி மண். துளி உப்பு இல்லை.

வண்டி ஏரி வெள்ளத்தில் முழுகியிருக்கிறது. பெல்ட்டின் அடி வரைக்கும் தண்ணீர்.

எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு இது. மழையில் முங்கிய வண்டி என்று ஒன்று உண்டு என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். உப்பளத்துக்காரனுக்குத்தான் அது தலையில் ஏறாது. எங்களுக்கு உப்புத் தண்ணீர்தான் விஷம், ஏரித் தண்ணீர் மருந்து. கடல் சாரல் பட்ட வண்டியைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் கழுவியே பிழைக்க வைக்கிறவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீர் ஒரு வண்டியைக் கொல்லும் என்று நாங்கள் எப்படி நினைப்போம்? நாக்கை நீட்டிக்கொண்டு நான் தேடியது ஒன்று, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது இன்னொன்று.

ஸ்கேன் நன்றாக இருந்தது. குழந்தை தலையைக் கீழே திருப்பிவிட்டதாம். வீட்டில் வேலையைச் சரியாகச் செய்கிற ஒரே ஆள்.

திரும்பும் வழியில் கூனிமேட்டில் டீக்கு நிறுத்தினேன். அப்போதும் நான் அந்தோணிராஜைச் சந்தேகப்படவில்லை. பாவம், அவனையும் எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்று அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். ஷாகுல் அமீது பாய் கடையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, சௌக்கியமா? எட்டாவது மாசமா? மாஷா அல்லா. ஆமா, நம்ம வண்டி எங்க? இது யாரு வண்டி?"

"உங்க வண்டியத்தான் வித்துட்டீங்களே பாய்" என்றேன்.

"உங்களுக்குத்தான தம்பி வித்தேன்! நீங்க வந்துட்டுப் போன மூணாம் நாளு உங்க கூட்டாளி வந்தாரு. மேஸ்திரி எடுத்துனு வரச் சொன்னாரு, அவரு சம்சாரம் முழுகாம இருக்குது, பாத்து குறைச்சிக் குடுங்கன்னாரு. பிள்ளத்தாச்சிக்குன்னு சொன்னப்புறம் பேரம் பேசுவனா? பத்தாயிரம் கம்மி பண்ணிக் குடுத்தேன்."

வினோதினி டீ கிளாசைக் கீழே வைத்தாள். அவள் லாரியைச் சொல்லித் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனேன். அந்தோணிராஜ் ஒரு வேனுக்கு அடியில் இருந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே. காலோடுதான் பேசினேன்.

"டேய், அது ஏரில முங்குன வண்டியா?"

கால் அசையவில்லை. "யார் சொன்னா?"

"பெல்ட்டு சொல்லுச்சி."

"உப்பு இருந்துச்சா?"

"என்னாது?"

"உப்பு இருந்துச்சான்னு கேக்கறேன். நீ என்னா கேட்ட? உப்பு ஏறாத வண்டி வேணும்னு கேட்ட. ஆறு மாசமா வேற எதனா கேட்டியா நீ? வந்த, நக்கிப் பாத்த, நல்லாருக்குதுன்ன, கட்டிப்புடிச்ச, எடுத்துனு போன. நானா உன் நாக்கப் புடிச்சி இழுத்தேன்?"

"பாய் வண்டி?"

கால் விரல்கள் லேசாக மடங்கின. "அதுக்கு காலாப்பட்டுல பார்ட்டி ரெடியா இருந்தான் மச்சான். நீ யோசிக்கறேன், யோசிக்கறேன்னு..."

"நீதான்டா பொறுன்ன!"

"நான் சொன்னா? உன் புத்தி எங்க போச்சி?"

"வினோதினி பேரச் சொல்லி பத்தாயிரம் குறைச்சியாமே. நிலாவுக்கு ஞானத்தகப்பன்டா நீ."

ஏதோ ஒரு போல்ட் திருகும் ஓசை மட்டும் வந்தது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது, முகம் தெரியாததால் கொஞ்சம் வெட்கப்பட்டது போலவும் இருந்தது.

"வியாபாரம்னு வந்துட்டா அப்படித்தான் மச்சான். அந்த பதினாலு ஸ்பேனர எடு."

ஒரு கை வெளியே நீண்டது. நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். முப்பது வருடமாக அந்தக் கை நீண்டால் எதையாவது கொடுத்தே பழகியிருந்தேன். வீட்டுக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அதிலும் தாமதம்தான்.

இரண்டு வாரம் கழித்து அவனே வந்தான். கூடவே சிலம்பரசன், பக்கத்து அளத்தில் வேலை செய்கிறவன், முப்பது வயது இருக்கும். மழைக்காலத்தில் அளம் மூடிவிட்டால் மூன்று மாதம் சம்பளம் கிடையாது. அந்த மூன்று மாதம் கார் ஓட்டிப் பிழைக்கலாம் என்று மனைவியின் நகையை விற்றுப் பணம் வைத்திருந்தான்.

அந்தோணிராஜ் என் காதில் சொன்னான். "உன் தலையில கட்டினது தப்புதான், ஒத்துக்கறேன். அதே ரேட்டுக்கு இவன் எடுத்துக்குவான். நாளைக்கே வேற வண்டி பாத்துடலாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நில்லு."

சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும். நின்றேன்.

சிலம்பரசன் சாக்கு கொண்டுவந்திருந்தான். டார்ச்சைப் பல்லில் கடித்தான். அடியில் போனான். மூலை மூலையாகத் தேய்த்தான். நான் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைப்பேனோ அப்படியே அவனும் கண்ணை மூடினான். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! ஒரு பொட்டு உப்பு இல்லண்ணே! நீங்க வச்சிருந்த வண்டின்னா சும்மாவா!"

அந்தோணிராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

வினோதினி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நாலு வாரம். வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இந்தப் பணம் இன்று கைக்கு வந்தால் அடுத்த வாரமே உருப்படியாக ஒரு வண்டி எடுக்கலாம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், கம்மலைக்கூட மீட்கலாம். வாரலாமா, விடலாமா? இருபது வருட அனுபவம் வாயைத் திறக்காமல் நின்றது.

அப்போது சிலம்பரசன் விரலைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டே, "பொறுத்ததுக்கு நல்லதா வந்துச்சிண்ணே" என்றான்.

"சிலம்பு" என்றேன். "ஏறி உக்காரு. பெல்ட்ட இழு."

"எதுக்குண்ணே?"

"இழு. இன்னும் இழு. நிக்கற வரைக்கும் இழுடா."

அவன் இழுத்தான். காவி நிறம் வெளியே வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டெப்னியைத் தூக்கி நத்தை ஓட்டையும் காட்டினேன்.

அந்தோணிராஜ் செருப்பைத் தேடி மாட்டினான். "உனக்குப் போய் நல்லது பண்ண வந்தேன் பாரு. உருப்பட மாட்டடா நீ" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான். மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவனுடைய பைக். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

சிலம்பரசன் எனக்கு நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சாக்கை மடித்துக்கொண்டே, "அடியில படுக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லண்ணே?" என்றான். அவன் அடியில் படுத்திருந்த அந்த ஐந்து நிமிடமும் நான் வாயைத் திறக்கவில்லை என்பது உண்மைதான். அந்த ஐந்து நிமிடத்தில் நான் அந்தோணிராஜுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

உள்ளே போனேன். வினோதினி கேட்டாள், "வித்தாச்சா?"

"இல்ல."

"பெருந்தன்மைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எனக்கு வண்டி?"

நான் தரையைப் பார்த்தேன். பிறகு போனை எடுத்து அவளே கார்த்திகேசனைக் கூப்பிட்டாள். முத்தியால்பேட்டையில் அவளுடைய அக்கா வீடு. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். முன்கூட்டியே போய் அங்கே தங்கிவிடுவது என்று முடிவாயிற்று. குலுங்குமே என்று நான் கேட்டபோது போனிலேயே கார்த்திகேசன் சிரித்தான். "காலி லாரிதான் குலுங்கும் மேஸ்திரி. பத்து டன் உப்பு ஏத்திட்டா கப்பல் மாதிரி போவும். உன் காரவிட நல்லா போவும், எழுதி வச்சிக்கோ."

நவம்பர் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, முழு லோடு. முன்னால் கார்த்திகேசன், இரண்டு தலையணைக்கு நடுவில் வினோதினி, மடியில் பையோடு தமிழ்நிலா. "இந்த தடவ எனக்கு ஜன்னல் ஓரம்" என்று வினோதினி முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் தார்ப்பாய்க்கு மேலே ஏறிக்கொண்டேன். இடம் பழகியதுதான்.

உண்மையிலேயே குலுங்கவில்லை. அனுமந்தையில் ஷெட்டைத் தாண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். கூனிமேட்டுக்கு அப்பால், பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வெள்ளி நிறக் கார் லாரியைத் தாண்டிப் போனது. யாரோ ஒருவர் ஓட்டினார், பக்கத்தில் ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் போனதும் டிக்கிக் கதவு தெரிந்தது. கீழே, ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு. நாலு மாதத்தில் அது கொஞ்சம்கூட வளரவில்லை.

அப்போது செல்போன் அடித்தது. அந்தோணிராஜ். எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன்.

"மச்சான், லாரி மேல நீ போறத பாத்தேன். கூப்ட்டா திரும்பக்கூட மாட்டியா? வினோதினி நல்லாருக்குதா?"

"ம்."

காற்று இரைந்தது. அவன் தொண்டையைச் செருமினான். "பாப்பாவுக்கும் ஞானத்தகப்பன் நான்தான? வேற யாரையும் சொல்லிடலியே?"

தெற்கே மழை இறங்கிக்கொண்டிருந்தது. முதல் சொட்டு என் உதட்டில் விழுந்தது. தார்ப்பாயின் ஓரத்தை எடுத்துத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். கீழே கேபினில் வினோதினி எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"பொறுடா" என்றேன். "யோசிச்சி சொல்றேன்."